வால் வரும் வரை

சாலையைக் கடந்துகொண்டிருந்த ஓர் அம்மாளுக்கு வழி விடுவதற்காக வண்டியை நிறுத்தினேன். சைகோனில் அதைவிடப் பெரிய அராஜகம் கிடையாது என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

இந்த ஊரில் தெருவைக் கடக்கிறவர்கள் பிராகாரம் சுற்றுகிற மாதிரி ஒரே சீராக நடப்பார்கள். வலமும் பார்ப்பதில்லை, இடமும் பார்ப்பதில்லை. வருகிற மோட்டார் சைக்கிள்கள் அத்தனையும் அவர்களுக்கு முன்னும் பின்னுமாக ஒதுங்கி ஓடிவிடும். நடக்கிறவர் நிற்கக் கூடாது, ஓட்டுகிறவரும் நிற்கக் கூடாது. நடுவில் யாராவது ஒருவர் மரியாதை காட்டித் தொலைத்தால் மொத்தமும் கெட்டுவிடும். நான் காட்டினேன்.

நடந்த இடம் பென்தான் என்ற சந்தைக்குப் பின்புறம், மாரியம்மன் கோயில் தெரு முனை. ஞாயிற்றுக்கிழமைக் காலை. அம்மாள் கையில் முட்டைத் தட்டு. நான் நின்றதும் அவர் திகைத்துப்போய்த் தானும் நின்றார். அந்தத் தெருவில் அவர் நின்றது வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை என்று பிற்பாடு சாட்சி சொன்னார். எனக்குப் பின்னால் வந்தவர் நிற்கவில்லை. அவர் ஒரு கையால் ஹெல்மெட்டில் மாட்டியிருந்த காமிராவைத் திருப்பிக்கொண்டும், இன்னொரு கையால் ‘மெதுவாகச் செல்க’ என்று ஜாடை காட்டிக்கொண்டும் வந்ததால் பிரேக்கைப் பிடிக்கக் கை மிச்சமில்லை. அவர் என்னை இடித்தார். நான் தட்டை இடித்தேன். மேலே போன முட்டைகள் கீழே வரும்போது, சுற்றிலும் அத்தனை பேர் இருந்தும், அவரையே தேர்ந்தெடுத்தன.

அவர்தான் எங்கள் சங்கத்தின் தலைவர், இராமநாதன்.

“த்ரோய் ஓய்!” என்று அந்த ஊர்ப் பாஷையில் கடவுளைக் கூப்பிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார் அம்மாள். பிறகு என் முகத்தைப் பார்த்து என்ன நினைத்தாரோ, தமிழுக்கு மாறினார். “ஏம்பா நின்னே? நான் நல்லாத்தானே நடந்தேன்? நீ நின்னா நான் எப்பிடிப் போறது?”

அவர் பெயர் ஒடெட். அப்பா காரைக்கால்காரர், அம்மா இந்த ஊர். தமிழை வருஷத்துக்கு ஒரு தடவை, திட்டுவதற்கு மட்டும் வெளியே எடுப்பாராம். அந்த வருஷம் என் முறை.

சைகோன் தமிழர் இருசக்கரக் கண்ணியப் பயணச் சங்கம் என்பது எங்கள் முழுப்பெயர். சட்டை முதுகில் அதற்கு இடம் போதாததால், முதுகில் தொடங்கி இடது தோள் வழியாக முன்பக்கம் வந்து, ‘சங்கம்’ மட்டும் வயிற்றின்மேல் முடியும். பாதுகாப்பாகவும் பிறரை மதித்தும் கூட்டமாக வண்டி ஓட்டுவது எப்படி என்று எடுத்துக்காட்டுவது நோக்கம். ஊர் மொத்தமும் தன் பாட்டுக்கு இடிக்காமல் ஓட்டிக்கொண்டிருக்கும்; அதன் நடுவே நாங்கள் ஒழுங்கைக் கற்பிக்கக் கிளம்புவோம்.

கிளம்புவதற்கு முன் கோயில் வாசலில் ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஓர் எலுமிச்சம்பழம். பிறகு தலைவர் உரை. பிறகு செயலாளர் ராமாமிர்தம் நடத்தும் கை ஜாடைப் பயிற்சி. குழிக்கு ஒரு ஜாடை, மணலுக்கு ஒன்று, நாய்க்கு ஒன்று, ‘நாயாக இருக்கலாம்’ என்பதற்குத் தனியாக ஒன்று. இதெல்லாம் முடிவதற்குள் வெயில் ஏறிப் பாதிப் பேருக்கு மயக்கம் வந்துவிடும். மயக்கம் வந்தவர் வண்டி ஓட்டக் கூடாது என்பது பாதுகாப்பு விதி. ஆகவே எங்களுடைய பல பயணங்கள் கோயில் வாசலிலேயே வெற்றிகரமாக நிறைவடைந்திருக்கின்றன.

என் பெயர் நல்லசிவம். துணி வாங்கும் கம்பெனி ஒன்றுக்காகச் சட்டைப் பொத்தான்களைப் பிடித்து இழுத்துப் பார்க்கிற உத்தியோகம். பொத்தான் கையோடு வந்தால் சட்டை தேறாது. வராவிட்டால் நான் எதற்கு என்று கம்பெனி கேட்கும். இப்படிப்பட்ட ஆளைச் சங்கத்தில் சேர்த்தது கிதிர் முகம்மது. அவரும் காரைக்கால்தான். டான் சோன் நாட் விமான நிலையத்தில் சரக்கு ஏற்றும் பகுதியில் மேற்பார்வை வேலை.

நான் இந்த ஊருக்கு வந்த முதல் மழைக்காலத்தில், சோலோன் பகுதியில் முழங்கால் தண்ணீரில் என் வண்டி அணைந்துபோயிற்று. பாஷை தெரியாமல் மலங்க மலங்க விழித்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு வண்டி வந்தது. ஒரு கால் நீண்டு என் வண்டியின் பின் மிதிகட்டையில் ஊன்றியது. “ஹேண்டிலை மட்டும் நேராப் புடிங்க தம்பி, மத்ததை நான் பாத்துக்கிறேன்” என்று சுத்தமான தமிழில் ஒரு குரல். தன் வண்டியை ஓட்டிக்கொண்டே, ஒற்றைக் காலால் என்னை வீடு வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்து விட்டார். அவர் முகத்தை நான் பார்த்ததே என் வீட்டு வாசலில் இறங்கிய பிறகுதான். அவர் தம்பிமார்கள் கூப்பிடுகிற மாதிரியே நானும் அன்றிலிருந்து அவரை ‘நானா’ என்று கூப்பிட ஆரம்பித்தேன். அவர்கள் பக்கத்தில் அண்ணனுக்கு அதுதான் சொல்.

சங்கத்தில் நானாதான் வால்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கூட்டமாகப் போகும்போது கடைசி வண்டிக்கு வால் என்று பெயர். வால் யாரையும் முந்தக் கூடாது. யாருக்கு டயர் போனாலும், யார் வயிறு சரியில்லாமல் புதர்ப் பக்கம் ஒதுங்கினாலும், வால் அவரோடு நிற்க வேண்டும். வழியில் ஒரு திருப்பம் வந்தால் எல்லோருக்கும் முன்னால் போகிறவர் தரையைச் சுட்டிக் காட்டுவார். அவருக்கு அடுத்து வருகிறவர் அங்கேயே நின்று, திரும்ப வேண்டிய திசையில் கையை நீட்டிக்கொண்டு மற்றவர்களை அனுப்ப வேண்டும். நிற்கிறவருக்கு மூலை என்று பெயர். வால் வரும் வரை மூலை நகரக் கூடாது. மூலையைக் கூட்டிக்கொள்ளாமல் வால் போகக் கூடாது.

சங்கத்தின் எண்ணற்ற விதிகளில் எனக்குப் புரிந்த ஒரே விதி இது. அழகான விதியும்கூட. இதை எழுதியவர் நல்ல மனுஷராக இருந்திருக்க வேண்டும். அதனாலோ என்னவோ, அது யார் என்று செயலாளருக்குத் தெரியவில்லை.

நான் எத்தனையோ மூலைகளில் நின்றிருக்கிறேன். வண்டிகள் ஒவ்வொன்றாகக் கடந்து போகும். கொஞ்ச நேரம் ஒருவரும் இருக்க மாட்டார்கள். அப்புறம் தூரத்தில் நானாவின் மங்கலான மஞ்சள் விளக்கு தெரியும். அத்தனை பேர் விட்ட புகையையும் தின்று மூஞ்சி கறுத்துப்போய் வருவார். “போலாமா தம்பி?” என்பார். கல்யாண வீட்டில் “சாப்பிட்டீங்களா” என்று ஒருவர் கேட்டுவிட்ட மாதிரி இருக்கும்.

முட்டைச் சம்பவத்துக்கு விசாரணை வைத்தார்கள். சந்தைக்குப் பக்கத்தில் ஒரு தமிழ்ச் சாப்பாட்டுக் கடையின் மாடியில்தான் எங்கள் கூட்டங்கள் நடக்கும். விசாரணைக் குழு ஹெல்மெட் அணிந்து உட்கார்ந்திருந்தது. சங்க அலுவல் எதுவாக இருந்தாலும் ஹெல்மெட் கட்டாயம். காப்பி குடிக்க மட்டும் கண்ணாடியைத் தூக்குவார்கள்.

“மிஸ்டர் நல்லசிவம், நீங்க அக்கறை காட்டினதை நாங்க தப்புன்னு சொல்லல” என்று ஆரம்பித்தார் ராமாமிர்தம். “ஆனா டெக்னிகலா, அக்கறை காட்டறதுக்கு முன்னாடி ஜாடை காட்டணும். நீங்க முன்னறிவிப்பில்லாம அக்கறை காட்டியிருக்கீங்க.”

“அந்தம்மா முட்டை வச்சிருந்தாங்க சார்...”

“முட்டைக்கு ஜாடை இல்லைங்கறது உண்மைதான். அதுக்கு ஒரு துணைக்குழு போட்டிருக்கோம்.”

ஒடெட் அம்மாள் சாட்சிக்கு வந்திருந்தார். அவருக்கும் ஒரு ஹெல்மெட் கொடுத்தார்கள். வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். “இந்தப் புள்ள கெட்டவன் இல்ல. அவனுக்கு ரோடு தெரியல. ஒங்களுக்கும் தெரியல. நீங்க வரிசையா வந்தா நான் எந்த சந்துல பூர்றது? எல்லாரும் தனித்தனியா வந்தா ஒரு தொல்லையும் இல்ல” என்றார். கூட்டமாக ஓட்டும் சங்கத்தில் சொல்லக்கூடிய பேச்சா அது! குறிப்பிலிருந்து நீக்கப்பட்டது.

கடைசியில் தலைவர் எழுந்தார். தலைவர் காரைக்குடிப் பக்கம். தனியாகப் பேசினால் தேன் மாதிரி இருக்கும். எழுந்து நின்றால் மட்டும் மேடைக்கு மாறிவிடுவார்.

“அன்பர்களே! நம் உயிர்க்கொள்கை என்ன? யாரையும் விட்டுவிட்டுப் போகாதே! ஒருவரைக்கூட நாம் கைவிட்டதில்லை. ஆகவே இவரைச் சங்கத்திலிருந்து நீக்க முடியாது. முடியாதே என்றுதான் எனக்கு இரவெல்லாம் தூக்கமில்லை.”

எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். அந்தப் பழக்கம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு.

தலைவரின் தூக்கமின்மைக்கு இன்னொரு காரணம் இருந்தது. ‘விபத்தே காணாத சங்கம்’ என்று ஒரு கேடயம் சோலோன் பட்டறையில் தயாராகிக்கொண்டிருந்தது. சங்கமே சொல்லிச் செய்து, சங்கமே வழங்கி, சங்கமே பெற்றுக்கொள்ளப் போகிற கேடயம். அடுத்த பயணத்தில், கன் யோ கடற்கரையில் விழா. எழுத்துகளை ஏற்கெனவே பொறித்துவிட்டார்கள். எனவே நடந்தது விபத்து அல்ல, ‘சமையல் பொருள் இடமாற்றம்’ என்று தீர்மானம் போட்டார்கள். ஆனால் புகைப்படத்தில் நான் நின்றால் பார்க்கிறவர்களுக்கு முட்டை ஞாபகம் வரும் என்று ஒருவர் கவலைப்பட்டார். அதை யோசிக்கலாம் என்றார் ராமாமிர்தம். அவர் யோசிக்கலாம் என்று சொன்னால் யோசித்தாகிவிட்டது என்று அர்த்தம்.

மாடிப்படி இறங்கும்போது நானா என் தோளில் கை போட்டார். கூட்டத்தில் வாயே திறக்காமல் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அங்கேயும் அவர் வால்தான்.

“மனசுல வச்சுக்காதீங்க தம்பி. இவங்க என்னா பண்ணிடுவாங்க? மிஞ்சிப்போனா மூலையில நிக்க வைப்பாங்க. மூலையில நிக்கிறவனுக்கு வால் இருக்குல்ல?”

அந்த வாக்கியத்தை நான் நம்பினேன். பொத்தானை இழுத்துப் பார்க்கிறவன், அதை மட்டும் இழுத்துப் பார்க்கவில்லை.

கன் யோ பயணத்தன்று பின்கான் என்ற படகுத்துறையில் கூடினோம். மழை தூறிக்கொண்டிருந்தது. எல்லோருக்கும் ஒரே மாதிரி ஆரஞ்சு மழைக்கோட்டு கொடுத்தார்கள். ஹெல்மெட்டும் ஒரே மாதிரி. யாரை யார் என்று சொல்ல முடியாத அளவுக்கு ஒற்றுமை. ராமாமிர்தம் ஒரு பெட்டியோடு வந்து எங்கள் கைப்பேசிகளை வாங்கிப் பூட்டினார். வண்டி ஓட்டும்போது கவனம் சிதறக் கூடாதாம். தன்னுடையதை மட்டும் பையில் வைத்துக்கொண்டார், செயலாளருக்குச் சிதறாது.

அன்று ஒரு புதுப் பதவியும் உருவாகியிருந்தது. முன்னோடி. தலைவருக்கும் முன்னால் போகிறவர். தலைவரின் இன்னொரு பெரிய வண்டியில், முகக்கண்ணாடியை இறக்கிவிட்டு, படகின் முனையிலேயே யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

“யார் சார் அது?” என்றேன்.

“பொறுப்புதான் முக்கியம். ஆள் முக்கியமில்ல” என்றார் ராமாமிர்தம்.

“நானா எங்கே? காணோமே?”

“வால் எப்பவும் பின்னாலதானே சார் வரும்?”

நியாயமான பதிலாகத்தான் பட்டது. அதோடு என்னை இரண்டாவது இடத்தில், முன்னோடிக்கு அடுத்தபடியாக வரச் சொன்னார்கள். தலைவரே எனக்குப் பின்னால்! சங்கம் மன்னித்துவிட்டது என்று நினைத்தேன். கண் கலங்கிவிட்டது. கண்ணாடிக்குள் கண் கலங்கினால் துடைக்க முடியாது என்பது அன்றைக்குக் கற்றுக்கொண்ட பாடங்களில் சிறியது.

படகைவிட்டு இறங்கினால் சாலை சதுப்புக் காட்டுக்குள் நேராகப் போகும். இரண்டு பக்கமும் சேற்றில் கால் பரப்பி நிற்கிற மரங்கள். வெகு தூரம் போனபின் இடது பக்கம் ஒரு கிளைச்சாலை பிரிந்தது. முன்னோடி வேகத்தைக் குறைத்தார். கையுறை போட்ட கை உயர்ந்தது. தரையைச் சுட்டியது. வழக்கத்தைவிட ஒரு கணம் கூடுதலாகச் சுட்டியது என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை. நான் நின்றேன். இடது கையை நீட்டினேன்.

ஒவ்வொருவராகத் திரும்பிப் போனார்கள். ஒருவர் எனக்கு ஜாடை காட்டினார். ‘நாயாக இருக்கலாம்’ என்பது அதன் பொருள்.

பிறகு யாரும் வரவில்லை.

வால் தாமதமாகும். தெரிந்ததுதான். யாருக்காவது டயர் போயிருக்கும். நான் கையை நீட்டிக்கொண்டே நின்றேன். முக்கில் ஓர் ஊஞ்சல் கடை இருந்தது. ஓலைக்கூரையின் கீழ் தூளிகளைக் கட்டிவிட்டு, வழிப்போக்கர்களுக்குக் காப்பி விற்கிற கடை. கடைக்காரப் பெண்மணி வெளியே வந்து என்னைப் பார்த்தாள். என் கை போகிற திசையைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள். ஐஸ் போட்ட பால் காப்பி ஒன்றைக் கொண்டுவந்து வலது கையில் கொடுத்தாள். தூளியைக் காட்டிப் படுத்துக்கொள் என்றாள். மூலை படுக்கக் கூடாது என்று என் அரைகுறை வியத்நாமியத்தில் விளக்கினேன். எனக்கு முதுகுவலி என்று அவள் புரிந்துகொண்டு தைலம் எடுத்து வந்தாள்.

ஆரஞ்சுக் கோட்டு போட்ட ஒருவன் நடுச்சாலையில் கை நீட்டிக்கொண்டு நின்றால் ஜனங்கள் என்ன நினைப்பார்கள்? முதலில் இறால் ஏற்றிய லாரி ஒன்று தயங்கியது. என் கையைப் பார்த்துவிட்டு மரியாதையாகக் கிளைச்சாலையில் திரும்பியது. அதைப் பார்த்து ஒரு வேன். வேனைப் பார்த்து, பூ அலங்காரத்தோடு ஒரு கல்யாண ஊர்வலம். மாப்பிள்ளை கார், பின்னால் சீர்த்தட்டுகளைப் பிடித்துக்கொண்டு மோட்டார் சைக்கிள்களில் உறவுக்காரர்கள். நான் வேண்டாம் வேண்டாம் என்று வலது கையை ஆட்டினேன். அதில் காப்பி இருந்ததால் அவர்கள் வாழ்த்தாக எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் வரிசையாக, இடைவெளி விட்டு, ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு அவ்வளவு கண்ணியமாகத் திரும்பினார்கள். எங்கள் சங்கம் கனவிலும் காணாத ஒழுங்கு.

கொஞ்ச நேரத்தில் லாரி, வேன், மொத்த ஊர்வலம் எல்லாம் திரும்பி வந்தன. அந்தச் சாலை ஒரு வாய்க்கால் கரையில் போய் முடிந்துவிடுகிறதாம். மாப்பிள்ளையின் மாமா இறங்கி என்னைக் கிழித்தார். கடைக்காரப் பெண்மணி குறுக்கே வந்து, தன் நெற்றியோரத்தை விரலால் தொட்டுக் காட்டி, என்னைப் பற்றி ஏதோ தாழ்ந்த குரலில் சொன்னாள். மாமாவின் முகம் உடனே இளகிவிட்டது. என் தலையைத் தடவிக்கொடுத்துவிட்டு, சீர்த்தட்டிலிருந்து ஒரு பணியாரத்தை என் வாயிலேயே வைத்துவிட்டுப் போனார்.

அதை மென்றுகொண்டிருக்கும்போதுதான் உறைத்தது. சாலை வாய்க்கால் கரையில் முடிகிறது என்றால், இந்த வழியாகக் கடற்கரைக்குப் போக முடியாது. சங்கத்தார் எல்லோரும் திரும்பி இதே முக்குக்குத்தான் வந்திருக்க வேண்டும். வரவில்லையே?

கடைக்காரப் பெண்மணியைக் கேட்டேன். வாய்க்காலுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு குறுக்குப் பாதை இருக்கிறது, இரண்டு சக்கர வண்டி மட்டும் போகும், பெரிய சாலையில் கொண்டுபோய் விட்டுவிடும் என்று கையால் வரைந்து காட்டினாள். ஆக, திரும்பவே வேண்டாத இடத்தில் திருப்பி, என்னை மட்டும் இறக்கிவிட்டு, சுற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

அப்போதும் நான் கையை மடக்கவில்லை. அவர்கள் போகட்டும். வால் இருக்கிறதே. மரங்களின் கால்களை மூடிக்கொண்டு வாய்க்காலில் தண்ணீர் ஏறியது. ஏறிய தண்ணீர் நின்று, பிறகு வடிய ஆரம்பித்தது. கடைக்காரப் பெண்மணி தூளிகளை அவிழ்த்து மடித்தாள். மஞ்சள் விளக்கு வரவில்லை. தனியாகத் திரும்பினேன். படகில் என் இடது கை மடங்க மறுத்து நீட்டியபடியே இருந்ததால், நான் எந்தப் பக்கம் திரும்பினாலும் யாராவது ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார்.

அடுத்த கூட்டத்துக்கு நானே கேள்வி கொண்டுபோனேன். மாடிச் சுவரில் பெரிய படம் மாட்டியிருந்தார்கள். கடற்கரை, கேடயம், பதாகை: ‘விபத்தில்லை, விடுபட்டவரில்லை.’ நடுவில் தலைவர். அவருக்கு வலப்பக்கம் முன்னோடி, முகக்கண்ணாடி இறக்கியபடி.

“என்னை ஏன் விட்டுட்டுப் போனீங்க?” என்றேன்.

“கேள்வியிலயே பிழை இருக்கு” என்றார் ராமாமிர்தம். “நம்ம சங்கம் யாரையும் விட்டுட்டுப் போறதில்ல. ஆகவே நீங்க விடப்படல. நாங்க நகர்ந்தோம், நீங்க நகரல. யார் யாரைப் பிரிஞ்சதுன்னு நீங்களே சொல்லுங்க.”

“வால் வரும் வரை மூலை நகரக் கூடாதுன்னு விதி.”

“அதுலதான் சிக்கல். உங்களை வால் வந்து விடுவிக்கவே இல்ல. டெக்னிகலா நீங்க இன்னமும் அந்த மூலையிலதான் நிக்கறீங்க. இங்க வந்து உட்கார்ந்திருக்கறதே பணியிடத்தைக் கைவிட்டுட்டு வந்த குற்றம்.”

“வால் ஏன் வரலை?”

“அந்தப் பதவியை எடுத்தாச்சு சார். பயணத்துக்கு முந்தின வாரமே.”

தலைவர் எழுந்தார்.

“அன்பர்களே! ஏன் சிலர் பின்தங்குகிறார்கள்? பின்னால் ஒருவர் வந்து கூட்டிப்போவார் என்ற நம்பிக்கையால்! வால் என்ற ஒன்று இருப்பதால்தான் பின்தங்குதல் என்ற தீமை இருக்கிறது. வாலை எடுத்தோம். அன்றிலிருந்து பின்தங்கியவர் ஒருவர்கூட நம் கணக்கில் இல்லை!” கை தட்டல். அது அடங்கியதும் தலைவர் என் பக்கம் குனிந்து, தன் சொந்தக் குரலில், அன்பாகவே சொன்னார்: “மனசுல வைக்காதீக. ஒங்களுக்காகத்தான அந்த மூலையையே தேடிக் கண்டுபுடிச்சோம். நெழலு, காப்பிக் கடை, எல்லாம் பாத்துத்தான் வச்சோம். யாரு இம்புட்டு அக்கறையா விட்டுட்டுப் போவாக?”

அதில் பொய் எதுவும் இல்லை என்பதுதான் தாங்க முடியவில்லை.

“நானா எங்கே? அவரை என்ன பண்ணீங்க?”

“அவுக முன்னேறிட்டாக” என்றார் தலைவர். அவர் கண்கள் ஒரு தரம் சுவரில் இருந்த படத்துக்குப் போய்த் திரும்பின. நானும் பார்த்தேன். முன்னோடி கால்களைக் கொஞ்சம் அகட்டி, வலது காலை முன்னால் வைத்து நின்றுகொண்டிருந்தார். எதையோ தள்ளுவதற்குத் தயாராக நிற்கிற மாதிரி.

வெளியே வந்தபோது சாயங்கால மழை. மெட்ரோ நிலையத்துப் பக்கம் ஜனங்கள் ஒதுங்கி நின்றார்கள். என் வண்டி நாலு தெரு தாண்டுவதற்குள் தண்ணீர் குடித்து அணைந்துவிட்டது. அதற்கும் என்மேல் நம்பிக்கை போயிருக்க வேண்டும். இறங்கித் தள்ளினேன். மறுபடி ஏறி உட்கார்ந்து உதைத்துப் பார்த்தேன்.

பின்னால் ஒரு வண்டிச் சத்தம் கேட்டது. ஒரு கால் நீண்டு என் மிதிகட்டையில் ஊன்றியது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. முகத்துக்கு முன்பே எனக்குப் பழக்கமான கால் அது.

“ஹேண்டிலை நேராப் புடிங்க தம்பி.”

பிடித்தேன். வண்டி நகர்ந்தது. தெருவில் வந்த மழைக்கோட்டுக்காரர்கள் எங்களுக்கு முன்னும் பின்னுமாக ஒதுங்கிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

“நானா, அன்னைக்கு எனக்கு முன்னால போனது யாரு?”

“எதிர்ல குழி இருக்கு. இடது பக்கம் வாங்க.”

வந்தேன்.

“தரையைக் காட்டின கை யாரோடது?”

“தண்ணி ஏறிக்கிட்டே போவுது. இந்தத் தெரு வேணாம், அடுத்ததுல திரும்புவோம்.”

“நானா, செயலாளர்கிட்ட இப்பதான் நிறையக் கேட்டுட்டு வரேன். நீங்களும் அவர் மாதிரியே சுத்திப் பேசாதீங்க.”

பிரேக்கை அழுத்தி அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் சொல்லாமல் நின்றால் பின்னால் வருகிறவருக்கு என்ன ஆகும் என்று இந்த ஊர் எனக்கு ஏற்கெனவே சொல்லிக் கொடுத்திருந்தது. நேராகப் பிடித்துக்கொண்டே போனேன். வண்டியின் பக்கக் கண்ணாடியில் மழைத்துளிகள்தான் இருந்தன, அவர் முகம் தெரியவில்லை.

அடுத்த தெரு வந்தது. திரும்பினோம்.

“நான்தான்” என்றார். “ஒங்களை எங்க நிக்க வைக்கணும்னு சொன்னாங்க. வால் வராதுன்னும் தெரியும். நான்தானே வாலு. முன்னால ஓட்டுறீங்களான்னு கேட்டாங்க தம்பி. எனக்கு ஆசையா இருந்துச்சு. சங்கம் ஆரம்பிச்ச நாள்லேர்ந்து எல்லாரோட முதுகையும் பாத்துக்கிட்டு, எல்லாரோட பொகையையும் தின்னுக்கிட்டு வந்தேன். முன்னால யாருமே இல்லாத ரோடு எப்படி இருக்கும்னு ஒரு தடவை பாக்கணும்னு இருந்துச்சு. நிக்கிறது நீங்கன்னு தெரிஞ்சேதான் காட்டினேன்.”

“திரும்பி வரணும்னு தோணவே இல்லையா நானா?”

மிதிகட்டையில் இருந்த கால் ஒரு நொடி தளர்ந்தது. வண்டி தள்ளாடியது. பிறகு மறுபடியும் ஊன்றியது.

“தோணுச்சு” என்றார். “வரல.”